இணையத் தன்னார்வப் பங்களிப்புக்கு வெகுமதி: நடுநிலையான நடைமுறை வகுத்தல் – தமிழ் விக்கிப்பீடியாவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஊதியம் பெறாமல் இணையத்தில் அறிவுப்பணி ஆற்றுவோருக்குப் பரிசும் பாராட்டும் வழங்கும் வழக்கம் பரவி வருகின்றது. வெகுமதி பங்களிப்பை வளர்க்குமா, குலைக்குமா என்னும் வினாவுக்கு ஆய்வுலகம் ஒரே விடையைத் தரவில்லை. விளைவைத் தீர்மானிப்பது பரிசின் அளவைவிட அதனை வழங்கும் நடைமுறையே என்பதை இக்கட்டுரை தமிழ் விக்கிப்பீடியா பங்கேற்ற போட்டிகளைக் கொண்டு விளக்குகின்றது. எதனை எண்ணுவது, யாரோடு யாரை ஒப்பிடுவது, யார் மதிப்பிடுவது, தீர்ப்பில் பிழை நேர்ந்தால் எங்கே முறையிடுவது ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தன்னார்வப் பங்களிப்பு, வெகுமதி, நடைமுறை நீதி, தமிழ் விக்கிப்பீடியா, வேங்கைத் திட்டம், அகத்தூண்டல்.

முன்னுரை

இணையத்திலுள்ள தமிழ் அறிவுத்தொகுதிகளில் பல, ஊதியம் பெறாதவர்களின் உழைப்பால் உருவானவை. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள் வரை மின்னுரைகளாக வெளியிட்டது. அம்மின்னுரைகளின் தலைப்பகுதியில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் நன்றியுடன் குறிக்கப்பெறுகின்றன. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இத்தகைய முகப்புக் குறிப்பு இல்லை. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவருக்கே எழுதியவரின் பயனர்பெயர் தெரியவரும். அப்பெயரும் பெரும்பாலும் புனைபெயராக இருக்கும்.

கூலியும் இல்லாமல், நூலின் முகப்பில் பெயரும் இல்லாமல் உழைப்பவரை எவ்வாறு மதிப்பது என்னும் சிக்கல் இங்கிருந்து தோன்றுகின்றது. பரிசுப் போட்டி, பதக்கம், சான்றிதழ், மடிக்கணினி எனப் பல வழிகள் முயலப்பட்டுள்ளன. நிதி வழங்கும் நிறுவனங்கள் பரிசைப் பற்றி மிகுதியாகவும் அதனை வழங்கும் முறையைப் பற்றிக் குறைவாகவும் சிந்திக்கின்றன. பங்களிப்பாளர் எண்ணிக்கை குறைந்த மொழிச் சமூகத்தில் இக்குறைபாட்டின் விலை பெரிது. முறைகேடாக நடத்தப்பட்டதாக உணரும் ஒரு பட்டறிவாளர் விலகிச் சென்றால் அவ்விடத்தை நிரப்ப ஆளில்லை.

பணமும் பாராட்டும்

1970 இல் வெளிவந்த நூலில் ரிச்சர்டு டிட்மஸ் பிரித்தானியாவின் கொடை முறையையும் அமெரிக்காவின் விலைக்கு வாங்கும் முறையையும் ஒப்பிட்டு, குருதிக்கு விலை கொடுத்தால் கொடையுணர்வு குன்றும் என வாதிட்டார். நெடுங்காலம் கருத்தளவில் நின்ற இவ்வாதத்தை மெல்ஸ்ட்ரோம், யோகனசன் ஆகியோர் சுவீடனில் களச்சோதனைக்கு உட்படுத்தி 2008 இல் முடிவுகளை வெளியிட்டனர். 50 குரோனர் தருவதாகக் கூறியபோது குருதிக்கொடையாளராக முன்வந்த பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; ஆண்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அத்தொகையை அறக்கொடையாக வழங்கிவிடலாம் என்ற வாய்ப்பைச் சேர்த்தவுடன் பெண்களின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியது. பணம் ஒன்றே, அதனைப் பெறுவதற்கு அமைந்த வழி மாறியபோது விளைவும் மாறியது என்பது நோக்கத்தக்கது.

சிறு தொகை தரும் தீங்கினை நீசி, ருஸ்டிகினி ஆகியோரின் 2000 ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகின்றது. இசுரேலில் வீடுவீடாகச் சென்று அறக்கொடை திரட்டிய பள்ளி மாணவர்களுள் ஒரு குழுவுக்கு ஊதியம் இல்லை. இன்னொரு குழுவுக்குத் திரட்டியதில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு ஈடான தொகையும் மூன்றாம் குழுவுக்குப் பத்துப் பங்குக்கு ஈடான தொகையும் ஆய்வாளர்கள் தம் கையிலிருந்து தருவதாக உறுதியளித்தனர். மிகுதியாகத் திரட்டியது ஊதியமற்ற குழுவே. மிகக் குறைவாகத் திரட்டியது நூற்றுக்கு ஒன்று பெற்ற குழு.

இவற்றைக் கொண்டு வெகுமதியே கூடாதெனக் கருதுவது பிழையாகும். விக்கிப்பீடியாவில் ஒரு பயனர் இன்னொருவரின் பக்கத்தில் இடும் விண்மீன் பதக்கத்துக்குப் பணமதிப்பு எதுவும் இல்லை. ரெஸ்டிவோ, வான் டி ரைட் ஆகியோர் ஆங்கில விக்கிப்பீடியாவில் மிகுதியாகப் பங்களிக்கும் நூற்றுக்கு ஒருவர் என்ற அடுக்கிலிருந்து 200 பேரைத் தேர்ந்து, அவர்களுள் பாதிப் பேருக்கு மட்டும் இப்பதக்கத்தை வழங்கினர். பதக்கம் பெற்றோரின் பங்களிப்பு பெறாதோரினதைவிட 60 விழுக்காடு மிகுந்திருந்ததாக 2012 இல் அறிவித்தனர். அவர்களே அடுத்து மேற்கொண்ட ஆய்வில், குறைவாகப் பங்களிப்போரிடம் இவ்விளைவு காணப்படவில்லை. யானா காலஸ் செருமன் விக்கிப்பீடியாவின் புதுமுகப் பயனர்களிடம் நடத்தி 2017 இல் வெளியிட்ட பெரிய அளவிலான ஆய்வோ வேறொன்றைக் காட்டியது. சமூகத்தின் பெயரால் வழங்கப்பட்ட அடையாள விருது, புதியவர்கள் தொடர்ந்து நிலைப்பதை 20 விழுக்காடு உயர்த்தியது. அதன் தாக்கம் ஓராண்டு வரை தங்கியது. தனியொருவர் தரும் பதக்கமும் சமூகம் அறிவிக்கும் விருதும் பெறுபவருக்கு ஒன்றல்ல என இவ்வேறுபாட்டைப் பொருள்கொள்ள இடமுண்டு.

எண்ணப்படுவதும் எண்ணப்படாததும்

வெகுமதிக்கு அளவுகோல் வேண்டும். எளிதில் எண்ணத்தக்கதையே அளவுகோலாக்கும் பழக்கத்தில்தான் முதற்பிழை நேர்கின்றது.

விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டிகளில் குறைந்தபட்சச் சொல்லெண்ணிக்கையும் பைட் அளவும் நிபந்தனைகளாக வைக்கப்படுவது வழக்கம். இவ்விரண்டும் மொழிநடுநிலை உடையன அல்ல. இன்றைய ஒருங்குறிச் சேமிப்பு முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டும், அரபு வரிவடிவத்தைப் பயன்படுத்தும் உருது எழுத்து 2 பைட்டுகளும், தமிழ்க் குறியீடு 3 பைட்டுகளும் கொள்கின்றன. உயிர்மெய்யில் வரும் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனிக் குறியீடுகளாகக் கணக்கிடப்படுவதால், ‘தமிழ்நாடு’ என்னும் ஐந்தெழுத்துச் சொல் 9 குறியீடுகளாகி 27 பைட்டுகளைப் பெறுகின்றது. அதே பெயர் ஆங்கிலத்தில் இடைவெளியோடு சேர்த்து 10 பைட்டுகளே. பைட் அளவை மட்டும் நோக்கினால் தமிழில் எழுதுபவருக்குச் சலுகை கிடைப்பதாகத் தோன்றும். சொல்லெண்ணிக்கையை நோக்கினால் நிலைமை தலைகீழாகின்றது. தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்பது எழுத்தில் ஒரு சொல். அப்பொருளை ஆங்கிலத்தில் உரைக்க ஐந்து சொற்கள் தேவைப்படும். எனவே 300 சொற்கள் என்னும் ஒரே வரம்பு, தமிழ்க் கட்டுரையாளரிடம் ஆங்கிலக் கட்டுரையாளரைவிடக் கூடுதல் செய்தியைக் கேட்கின்றது. வேற்றுமை உருபுகளையும் துணைவினைகளையும் பிரித்தெழுதிச் சொல்லெண்ணிக்கையைக் கூட்டலாம் என்னும் ஈர்ப்பும் இதனால் பிறக்கின்றது. மொழிநடையைக் காக்க வேண்டிய கலைக்களஞ்சியத்துக்கு இது நல்லதன்று. ஒரு மொழிக்குள் நடக்கும் போட்டியில் இவ்வேறுபாடு தீங்கற்றது. பன்மொழிச் சமூகங்களை ஒரே பட்டியலில் நிறுத்தும் போட்டியில் ஒவ்வொரு மொழிக்கும் ஏற்ற வரம்பை முன்கூட்டியே அளந்து அறிவிப்பதே முறை.

அளவுகோல் பருமனாக இருந்தால் நேர்வதென்ன என்பதற்கு மென்பொருள் உலகம் நல்ல சான்று. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் நடத்தும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், திறமூல மென்பொருள்களுக்குக் குறித்த எண்ணிக்கையில் திருத்தக் கோரிக்கை அனுப்புவோருக்குச் சட்டை பரிசாக வழங்கப்பட்டது. 2020 இல் நான்கு கோரிக்கைகள் போதுமாயிருந்தன. அவ்வாண்டு முதல் நாளிலிருந்தே, விளக்கக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றுவது போன்ற பயனற்ற கோரிக்கைகள் வந்து குவிந்தன. அவற்றைப் படித்து மறுக்க வேண்டிய சுமை, மென்பொருளைப் பேணிவரும் தன்னார்வலர் மீது விழுந்தது. பரிசு பெறுபவர் ஒருவர், அதன் செலவை உழைப்பால் செலுத்துபவர் வேறொருவர் என்னும் நிலை உருவானது. எதிர்ப்பு எழுந்த சில நாட்களுக்குள், முன்வந்து இசைவு தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பும் கோரிக்கைகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என விதி மாற்றப்பட்டது. பின்னர் 2023 இல் சட்டைக்கு மாற்றாக மின்வடிவப் பதக்கம் வந்தது.

சிறு பதக்கங்களும் நடத்தையை வளைக்க வல்லன. வினாவிடைத் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோவை ஆராய்ந்த ஆண்டர்சன் குழுவினர், பதக்கத்துக்கான எண்ணிக்கையை நெருங்குந்தோறும் பயனரின் செயல்பாடு விரைவுபெறுவதையும் பதக்கம் கிடைத்தபின் அது தணிவதையும் 2013 இல் காட்டினர்.

எண்ணப்படாத பணிகளின் பட்டியல் நீளமானது. புதிய மாற்றங்களைக் கண்காணிக்கும் சுற்றுக்காவல், நாசவேலை நீக்கம், பகுப்பு ஒழுங்கு, பதிப்புரிமை மீறிய படங்களைக் களைதல், புதியவரின் பேச்சுப் பக்கத்தில் பொறுமையாக விளக்கமளித்தல் ஆகிய எவையும் ‘புதிய கட்டுரைகள்’ என்னும் தலைப்பின் கீழ் வருவதில்லை. பரிசுப் போட்டி நடைபெறும் மாதங்களில் இப்பணிகள் பெருகவே செய்கின்றன. விரைவில் எழுதப்பட்ட கட்டுரைகளைத் திருத்துபவர் எண்ணிக்கைப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. திருத்தப்பட்ட கட்டுரையை எழுதியவர் இடம்பெறுகின்றார். பராமரிப்புப் பணிக்கெனத் தனிப் பாராட்டினை வகுக்காத எந்தப் போட்டியும் நடுநிலையானதன்று என்றே கூறவேண்டும்.

தரவரிசையும் தகுதிவரம்பும்

தமிழ் விக்கிப்பீடியா பங்கேற்ற இரு போட்டிகள் இருவேறு வடிவங்களைக் கொண்டவை. விக்கிமீடியா அறக்கட்டளை, கூகுள் நிறுவனம், இந்தியாவின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் உள்ளிட்டவை இணைந்து நடத்திய வேங்கைத் திட்டத்தின் எழுத்துப் போட்டி, 2018 மார்ச்சு முதல் மே வரை இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையே நடைபெற்றது. மாதந்தோறும் மொழிவாரியாக முன்னிலை பெற்றோருக்குப் பணமதிப்புடைய பரிசும், மிகுதியான கட்டுரைகளை உருவாக்கிய சமூகத்துக்குப் பயிற்சி முகாமும் அறிவிக்கப்பட்டிருந்தன. அம்முறை பஞ்சாபி முதலிடமும் தமிழ் இரண்டாமிடமும் பெற்றன. 2019 அக்டோபர் முதல் 2020 சனவரி வரை நடைபெற்ற இரண்டாம் போட்டியில் தமிழ் முதலிடம் பெற்றது.

2015 முதல் நவம்பர் மாதத்தில் நடைபெறத் தொடங்கிய விக்கிப்பீடியா ஆசிய மாதத்தின் அமைப்பு வேறு. தம் நாடல்லாத பிற ஆசிய நாடுகளைப் பற்றி 300 சொற்களுக்குக் குறையாத கட்டுரைகள் நான்கினை எழுதி, அவை ஏற்கப்பட்டால், அனைவருக்கும் பிறநாட்டுச் சமூகமொன்றிலிருந்து அஞ்சலட்டை வரும். முதல்வருக்குத் தூதர் என்னும் அடையாளம் உண்டெனினும் அஞ்சலட்டைக்குப் போட்டியில்லை. ஒருவர் பெறுவதால் மற்றவர் இழப்பதில்லை.

தரவரிசை முறையில் ஒரு சமூகத்தின் மொத்த ஆற்றல் திரள்கிறது என்பதை மறுக்க இயலாது. இரண்டாம் வேங்கைத் திட்டத்தில் தமிழ்ப் பயனர்கள் ஒருவருக்கொருவர் துணைநின்றதற்குக் காரணம், பரிசு சமூகத்துக்கு உரியதாக இருந்தமையே எனலாம். தனிநபர் தரவரிசையில் இவ்வியல்பு திரிகின்றது. வேலைநேரம் போக இரவில் ஒரு மணிநேரம் எழுதும் ஆசிரியரும் முழுநாளும் எழுத வாய்ப்புள்ள மற்றொருவரும் ஒரே பட்டியலில் நிற்கும்போது, அளக்கப்படுவது உழைப்பின் தரமன்று, ஓய்வுநேரத்தின் அளவே. வீட்டுப்பணிச் சுமையுடைய பெண் பங்களிப்பாளரை இது முன்னதாகவே விலக்கிவிடுகின்றது. தகுதிவரம்பு முறை இக்குறையைப் பெருமளவு தவிர்க்கின்றது. ஆகவே தனிநபருக்குத் தகுதிவரம்பும் குழுவுக்குத் தரவரிசையும் என்னும் பிரிப்பு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது.

தகுதிவரம்புக்கும் எதிர்வாதம் உண்டு. அது தமிழில் மிகப் பழையது. மலையமான் திருமுடிக்காரியை நோக்கிய கபிலரின் பாடல் (புறநானூறு 121), கொடுத்தல் எளிது, வருவோரின் தகுதியை அறிதலே அரிது எனக் கூறி, புலவர் அனைவரையும் ஒருதன்மையராக நோக்குவதைக் கைவிடுமாறு வேண்டுகின்றது. எல்லாருக்கும் ஒரே அஞ்சலட்டை வழங்குவது கபிலருக்கு உடன்பாடாக இராது. ஆயின் அவர் கேட்பது தகுதி அறிதலையே; எண்ணிக்கைப் பட்டியல் அதற்கு ஈடாகாது.

மதிப்பிடுவோர்

அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் பாராமலே அனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208 ஆம் பாடல் காட்டுகின்றது. பார்க்காமல் தந்ததைப் பெற்றுச்செல்லத் தாம் வணிகர் அல்லர் என்பதும், தம் புலமையின் அளவை அறிந்து தந்தால் தினையளவும் இனிது என்பதும் அவர் கூறும் காரணங்கள். தானியங்கிக் கருவி சொற்களை எண்ணி அனுப்பும் சான்றிதழுக்கு இதனைவிடக் கூரிய மறுப்பு கிடைப்பதரிது.

மேற்குறித்த இரு போட்டிகளிலும் ஃபவுண்டன் என்னும் கருவியில் பங்கேற்பாளர் கட்டுரையை ஒப்படைக்க, நடுவர் அதனைப் படித்து ஏற்கவோ மறுக்கவோ செய்தனர். கருவி அளவைச் சரிபார்க்கின்றது. மனிதர் தரத்தைச் சரிபார்க்கின்றார். இப்பகுப்பு சரியானதே. சிக்கல், நடுவர் யார் என்பதில் உள்ளது. சிறிய மொழிச் சமூகத்தில் நடுவராகத் தகுதியுடையவரே சிறந்த எழுத்தாளராகவும் இருப்பார். அவர் நடுவரானால் தம் கட்டுரையைத் தாமே மதிப்பிடுவது தகாது. போட்டியிலிருந்து விலகினால் சமூகம் நல்ல கட்டுரைகளை இழக்கும். ஒருவரின் கட்டுரையை மற்றொருவர் மதிப்பிடும் ஏற்பாடு ஓரளவு உதவும். இருவரே நடுவராக உள்ள இடத்தில் அதுவும் கொடுக்கல் வாங்கலாகத் தோன்றக்கூடும். அண்மை மொழிச் சமூகத்திலிருந்து, தமிழ் படிக்கத் தெரிந்த மூன்றாம் நடுவரை அழைப்பது இதற்கு மாற்றாகும். நடுவர் பணியையும் வெகுமதிக்குரிய பங்களிப்பாக அறிவிப்பது அதனினும் முதன்மையானது. பல நூறு கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெழுதுபவர் பரிசுப் பட்டியலுக்கு வெளியே நிற்பது எவ்வகையிலும் பொருந்தாது.

செரால்டு லெவந்தால் 1980 இல் நடைமுறை நீதிக்கு ஆறு விதிகளை வகுத்தார். ஒரே சீர்மை, சார்பின்மை, தகவல் துல்லியம், திருத்தும் வாய்ப்பு, பாதிக்கப்படுவோரின் பேராண்மை, அறநெறிப் பொருத்தம் என அவற்றைத் தமிழில் கூறலாம். இவற்றுள் பேராண்மை என்பது விதி வகுக்கும் கட்டத்திலேயே பங்களிப்பாளரின் குரலுக்கு இடமளிப்பதைக் குறிக்கும். வேங்கைத் திட்டத்தில் கூகுள் தந்த தலைப்புப் பட்டியலோடு அந்தந்தச் சமூகம் உருவாக்கிய பட்டியலும் ஏற்கப்பட்டமை இதற்குச் சான்றாகும். இதற்கு முன்வரலாறு உண்டு. 2009 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள், ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்த்துச் சேர்த்தது. தலைப்புகளைச் சமூகம் தேர்வுசெய்யவில்லை, மொழிநடை இடறியது, பேச்சுப் பக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு மறுமொழி கிடைப்பது அரிதாயிருந்தது. திருத்தும் பணி ஊதியமில்லாத் தன்னார்வலரிடம் வந்து சேர்ந்தது. தமிழ்ச் சமூகம் நிறுவனத்தோடு பேசி நிபந்தனைகளை முன்வைத்தது. அப்பட்டறிவு 2010 இல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டிலும் எடுத்துரைக்கப்பட்டது. ஊதியம் பெறுபவரும் பெறாதவரும் ஒரே பக்கத்தில் பணியாற்றும்போது எழும் மனக்கசப்பு, தொகையைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. யாருடைய சொல் செல்லுபடியாகின்றது என்பதையும் பற்றியது.

செலவை ஈடுசெய்தல்

பரிசுக்கும் உதவிக்கும் உள்ள வேறுபாடு பலரால் கவனிக்கப்படுவதில்லை. 2018 இன் வேங்கைத் திட்டத்தில் போட்டிக்கு முன்னரே, விண்ணப்பித்துத் தேர்வான பங்களிப்பாளர்களுக்கு மடிக்கணினிகளும் இணைய இணைப்புக்கான உதவியும் வழங்கப்பட்டன. கைப்பேசியில் தட்டச்சு செய்து எழுதுபவருக்கும் உலாவல் மையத்துக்குக் காசு கொடுப்பவருக்கும் இது உழைப்பின் விலையன்று. உழைப்பதற்குத் தடையாக இருந்த செலவின் நீக்கமே. அகத்தூண்டலைப் பணம் குலைக்கும் என்னும் அச்சம் இங்குப் பெரிதும் பொருந்தாது. இத்தகைய உதவியில் நடுநிலைக்கான அளவுகோலும் வேறு. கடந்தகாலப் பங்களிப்போடு தேவையையும் நோக்க வேண்டும். தேவையைப் பொதுவெளியில் மெய்ப்பிக்கச் சொல்வது தன்மதிப்பைப் புண்படுத்தும். பங்களிப்பு விவரம் வெளிப்படையாகவும் பொருளாதார விவரம் தேர்வுக்குழுவிடம் மட்டும் தங்குவதாகவும் விண்ணப்பத்தை இரண்டாகப் பிரிப்பது எளிய தீர்வு. புனைபெயரில் எழுதுபவருக்கும் இதனால் பாதுகாப்பு உண்டு. பரிசுத்தொகையை அனுப்ப வங்கிக் கணக்கும் உண்மைப்பெயரும் கேட்கப்படும் இடத்தில், பெயரை வெளியிட விரும்பாதவர் பரிசையே துறக்க நேர்கின்றது. அவர் தம் தொகையைச் சமூகத்தின் பயிற்சிச் செலவுக்கோ நூல் வாங்குவதற்கோ மாற்றிவிடும் வாய்ப்பினை விதியிலேயே சேர்த்தல் வேண்டும். சுவீடன் ஆய்வில் அறக்கொடை வாய்ப்பு ஆற்றிய பணியை இது இங்கே ஆற்றக்கூடும்.

முறையீடு

தீர்ப்பில் தம் கருத்தைக் கூற வாய்ப்புப் பெற்றவர், தமக்கு எதிரான முடிவையும் ஏற்கும் இயல்பினர் என்பது திபோ, வாக்கர் ஆகியோர் 1975 இல் தொடங்கிவைத்த ஆய்வு மரபின் தலையாய முடிவு. கட்டுரை மறுக்கப்பட்டது என்னும் ஒற்றைச் சொல்லோடு நின்றால் புதியவர் திரும்பி வருவதில்லை. மேற்கோள் போதாமை, இயந்திர மொழிபெயர்ப்பின் சாயல், பதிப்புரிமை மீறல் எனக் காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் எழுதுவதும், திருத்தி மீண்டும் ஒப்படைக்கக் காலம் தருவதும் நடுவரின் கடமையாக விதியில் இடம்பெற வேண்டும். மீண்டும் மறுக்கப்பட்டால் முதல் நடுவரல்லாத ஒருவர் அதனைப் பார்க்க வேண்டும். போட்டி முடிந்தபின் முடிவை அறிவிப்பதற்கு முன்பாக ஒரு வாரமேனும் முறையீட்டுக்கென ஒதுக்கி, எழுந்த முறையீடுகளையும் அவற்றுக்கான விடைகளையும் சமூகத்தின் பொது உரையாடல் இடமான ஆலமரத்தடியில் வைத்தால், அடுத்த போட்டிக்கு விதி எழுதுபவருக்கு அப்பக்கமே முதல் ஆவணமாகும்.